தண்ணி முறை காட்டும் செயலி: முன்மாதிரியும் சோதனையும் எப்படிச் செய்வது?

பம்பைமடு_மூன்றாம்வருடம்:

வணக்கம். மனித–கணினி ஊடாட்டப் பாடத்துக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இடைமுகத்தை வடிவமைத்து, முன்மாதிரி செய்து, ஆட்களிடம் சோதித்து அறிக்கை கொடுக்க வேணும். 10 கிழமை இருக்கிறது. எடுத்த விடயம்: சிறுபோகத்தில் (குளத்துத் தண்ணீரில் செய்யும் வறட்சிக்காலப் பயிர்ச்செய்கை) எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கமக்காரர் போனில் பார்க்கும் செயலி. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்போடு பேசியிருக்கிறோம். இப்போது முறை அட்டவணையைக் கையால் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். மாற்றம் வந்தால் இன்னொரு படம்.

நேரே பிக்மாவில் (திரை வடிவமைக்கும் மென்பொருள்) தொடங்கலாமா, கடதாசியில் செய்து பார்ப்பது அவசியமா? எத்தனை பேரிடம் சோதித்தால் போதும்? 30 பேருக்குக் கேள்விக்கொத்து கொடுக்க நினைத்தோம், ஆனால் முன்னோட்டமாகக் கேட்ட எல்லாரும் "நல்லாயிருக்கு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழ் எழுத்து பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படுகிறது. வயல் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். கையில் இருப்பது 2 லப்டொப்பும் 2 ஜிபி ரம் உள்ள ஒரு அன்ட்ரொயிட் போனும்.

கோடும்_பெட்டியும்:

கடதாசி அவசியம். பிக்மாவில் அழகாகச் செய்த திரையைக் காட்டினால், "முடிஞ்சுபோச்சுத்தானே, இனி என்னத்தைச் சொல்லுறது" என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். பென்சிலால் கீறியதைக் காட்டினால் "இதை இங்க வையுங்கோ" என்று கை நீட்டிச் சொல்வார்கள். உங்களுக்கு வந்த "நல்லாயிருக்கு" பதிலில் பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி, நீங்கள் அபிப்பிராயம் கேட்டது. வேலை கொடுத்துப் பார்க்கவில்லை.

அளவைச் சரியாக எடுங்கோ. 6.5 அங்குலத் திரை, 20:9 விகிதம் என்றால் அகலம் 6.8 சென்ரிமீற்றர், உயரம் 15. பிரிஸ்டல் போட்டில் அந்த அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினால் அதுதான் போன். திரைகளை ஏ4 தாளில் அதே அகலத்துக்கு நாடாவாக வெட்டி, பின்னாலிருந்து ஜன்னலுக்குள் தள்ளினால் நீளத் திரை உருளுவதையும் காட்டலாம். மேலே எழும்பி வரும் பெட்டிகளுக்கு ஒட்டும் குறிப்புத் தாள் போதும். எழுத்து உயரம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று முதலிலேயே முடிவெடுங்கோ. கடதாசியில் எல்லாரும் விடும் பிழை, நுணுக்கி எழுதி எல்லாவற்றையும் ஒரு திரைக்குள் அடக்கிவிடுவது. போனுக்கு மாற்றும்போது அது அடங்காது.

சோதிக்கும்போது ஒருவர் பேச வேணும், ஒருவர் கணினியாக இருந்து தாள் மாற்ற வேணும், ஒருவர் எழுத வேணும். கணினியாக இருப்பவர் வாயே திறக்கக்கூடாது. ஆள் எதைத் தொட்டாரோ அதற்குரிய தாளைத்தான் வைக்க வேணும். அவர் பிழையான இடத்தைத் தொட்டால் பிழையான திரைதான் வரும். "அது இல்லை, இதைத் தொடுங்கோ" என்று ஒரு முறை சொன்னாலே அந்தச் சோதனை பழுது.

வேலைகளை எழுதும்போது திரையில் உள்ள சொல் அதில் வரக்கூடாது. பொத்தானில் "முறை அட்டவணை" என்று இருக்க, "முறை அட்டவணையைத் திறவுங்கோ" என்று கேட்டால் அது சொல் தேடும் விளையாட்டாகிவிடும். "இந்தக் கிழமை உங்கட வயலுக்கு எப்ப தண்ணி எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கோ. நாலு வேலை போதும்: தன் முறையைக் கண்டுபிடிப்பது, மாறிய முறையைக் கண்டுபிடிப்பது, தண்ணீர் வரவில்லை என்று அறிவிப்பது, இன்னொரு வாய்க்காலில் உள்ள இரண்டாவது வயலின் முறையைப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது, எதை "உதவியோடு முடித்தார்" என்று எண்ணுவது என்பதைப் போக முன்னமே எழுதி வையுங்கோ. வந்த பிறகு எழுதினால் மனம் தன் பக்கம் சாயும்.

இன்னொன்று. அட்டவணையை உள்ளிடுபவரின் திரையை யாரும் யோசிப்பதில்லை. அமைப்பின் செயலாளர் ஒரு வாய்க்காலைப் பிழையாக அடித்தால், கமக்காரர் திரை எவ்வளவு தெளிவாக இருந்தும் பலனில்லை. புரொஜெக்ட்டைச் சுருக்க வேணுமென்றால் கமக்காரர் பக்கத்தில் "தண்ணீர் வரவில்லை" அறிவிப்பை விடுங்கோ, உள்ளிடும் திரையை விடாதேங்கோ.

துருசடி:

வடிவமைப்பு எனக்குத் தெரியாது, தண்ணி தெரியும். நீங்கள் திரை கீற முன்னம் தீர்க்க வேண்டிய விசயம் கொஞ்சம் இருக்கு.

"6 மணி" எண்டு போட்டால் அது எந்த 6 மணி? துருசு (குளத்து மதகு) திறக்கிற நேரமா, வாய்க்கால் தலைப்பில வாற நேரமா, கடைசி வயலுக்கு வாற நேரமா? தலைப்பு வயல்காரனுக்குத் திறந்து கொஞ்ச நேரத்தில வரும். கடைசி வயலுக்கு வர எத்தினையோ மணித்தியாலம் பிந்தும், வாய்க்கால் புல்லு மண்டிக் கிடந்தால் இன்னும் பிந்தும். துருசு நேரத்தைப் போட்டு "தண்ணீர் வரும்" எண்டு எழுதினால் கடைசி வயல்காரன் மண்வெட்டியோட வந்து சும்மா நிப்பான். ரெண்டாம் முறை உங்கட செயலியைத் திறந்தும் பாக்கமாட்டான். "திறக்கும் நேரம்" எண்டு எழுதுங்கோ. வயலுக்கு வாற நேரம் ஒரு மதிப்பு எண்டால் மதிப்பு எண்டே காட்டுங்கோ.

அடுத்தது இரவு. செவ்வாய் மு.ப. 1.30 எண்டு போட்டால் அலுவலகக் கணக்குக்குச் சரி. ஆனால் சனம் அதைத் "திங்கள் இரவு" எண்டுதான் சொல்லும். செவ்வாய் எண்டு வாசிச்சவர் செவ்வாய் இரவு போவார், முறை போய் ஒரு நாளாகியிருக்கும். மு.ப., பி.ப. ரெண்டையும் விட்டிட்டு விடிய, பகல், பின்னேரம், இரவு எண்டு போடுங்கோ. நடுச்சாமம் தாண்டினால் "திங்கள் இரவு 1.30, செவ்வாய் விடிஞ்சால்" எண்டு ரெண்டு நாளையும் சேர்த்துக் காட்டுங்கோ.

வாய்க்கால் பேர்: கடதாசியில டி 3 (பகிர்வு வாய்க்கால் 3), எஃப்.சி 5 (வயல் வாய்க்கால் 5) எண்டு இருக்கும். கன பேருக்கு அந்த இலக்கம் தெரியாது. கோயிலடி வாய்க்கால், பாலத்தடி வாய்க்கால் எண்டு சொல்லுவினம். ரெண்டையும் போடுங்கோ, ஊர்ப்பேர் பெருசா.

கூட்டத்துக்கு வாற ஆம்பிளையளை மட்டும் கேட்டுட்டு வந்திடாதேங்கோ. வன்னியில பொம்பிளையளே தலைமை தாங்கிற குடும்பங்கள் நிறைய. அவையும் வயல் செய்யினம், ஆனால் அமைப்புக் கூட்டத்தில வாய் திறக்கிறது குறைவு. சில வீட்டில போன் பிள்ளையின்ர கையில. பிள்ளைதான் வாசிச்சுச் சொல்லும். அப்ப உங்கட பயனர் ஆர் எண்டு யோசியுங்கோ. பட்டன் போன் வைச்சிருக்கிற ஆளுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போகாட்டி அவர் முழுசா வெளியில.

கடைசியா ஒண்டு, இதை மறந்தால் உங்களால ஆருக்கும் நட்டம் வந்திடும். சோதனைத் திரையில இந்தக் கிழமைத் திகதி போடாதேங்கோ. பொய் முறையை உண்மை எண்டு நம்பி ஒருத்தர் பயிரைக் காயவிட்டால் திரும்ப அந்தப் பக்கம் போக உங்களுக்கு முகம் இருக்காது. போன வருசத் திகதியைப் போட்டு, எல்லாத் திரையிலும் குறுக்கால "மாதிரி" எண்டு எழுதுங்கோ.

எழுத்துரு_வவுனியா:

தமிழ் வெட்டுப்படுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, வரி உயரம். லத்தீன் எழுத்துக்கு வைத்த 1.2 மடங்கு தமிழுக்குப் போதாது. கீ, ணி போன்றவற்றின் மேல் விசிறியும் லூ, ழு போன்றவற்றின் கீழ்ப் பகுதியும் அடுத்த வரியோடு முட்டும், அல்லது பொத்தானின் விளிம்பில் வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 16 முதல் 18 அளவுக்கு 1.6 மடங்கு வையுங்கள். பொத்தானுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் மேலும் கீழும் 12 இடைவெளி விட்டு, உயரத்தை உள்ளடக்கமே தீர்மானிக்க விடுங்கள். எழுத்து இடைவெளியைப் பூச்சியத்திலேயே விடுங்கள், கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும்.

இரண்டு, சொல்லின் நீளம். "சமர்ப்பிக்கவும்" என்று போட்டால் எந்தப் பொத்தானும் கிழியும். "அனுப்பு" போதும். "திரும்பிச் செல்லவும்" வேண்டாம், "பின்" போதும். மரியாதை குறைகிறது என்று நினைக்கத் தேவையில்லை. பொத்தான் என்பது பயனர் போனுக்கு இடும் கட்டளை, போன் பயனருக்கு இடுவது அல்ல.

மூன்றாவதுதான் மோசமானது: நிரலால் வெட்டுவது. "நீர்" என்பது கண்ணுக்கு 2 எழுத்து, யுனிக்கோட்டில் 4 குறி: ந, ஈகாரக் குறி, ர, புள்ளி. 3 குறியில் வெட்டினால் "நீர" என்று வரும். "கொ" என்பதை 1 குறியில் வெட்டினால் "க" மட்டும் மிஞ்சும். வாய்க்கால் பெயரை 10 குறிக்கு மேல் வெட்டு என்று நிரலில் எழுதியிருந்தால் இப்படித்தான் புள்ளி இல்லாத எழுத்துகள் தொங்கும். வெட்டாமல் இரண்டாம் வரிக்கு விடுவதே நல்லது.

அமைப்பு தரும் பழைய கோப்புகள் பாமினியில் (யுனிக்கோட் அல்லாத பழைய எழுத்துரு) தட்டச்சு செய்தவையாக இருந்தால் பிக்மாவில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அதற்குப் பாமினி எழுத்துருவை ஏற்றித் தீர்வு தேடாதீர்கள். யுனிக்கோட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

வெயில் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு இருந்தால் இணைய அணுகல் வழிகாட்டியின் ஏஏ நிலைக்குப் போதும். வெள்ளையில் நடுத்தரத்தைவிடச் சற்றுக் கறுத்த சாம்பல் மயிரிழையில் அதைத் தாண்டிவிடும். அதே திரையை மத்தியான வெயிலில் வரம்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. 7:1க்கு மேல் போங்கள், முக்கியமான நேரத்தை வெள்ளையில் கறுப்பாக 28 அளவில் போடுங்கள். 360 டிபி (அன்ட்ரொயிட் திரை அளவின் அலகு) அகலமுள்ள உங்கள் போனில் 48 டிபி என்பது கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர். அது காய்ந்த விரலுக்கு உரிய குறைந்தபட்சம். சேற்றுக் கைக்கு 64 டிபி, அதாவது 12 மில்லிமீற்றர் வையுங்கள். பொத்தான்களுக்கு நடுவே 8க்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

பம்பைமடு_மூன்றாம்வருடம்:

எல்லாருக்கும் நன்றி. துருசடி ஐயா, "எந்த 6 மணி" என்ற கேள்வி எங்கள் யாருக்கும் வரவே இல்லை. முதல் பயணத்திலேயே அதைக் கேட்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. 5 பேர் போதும் என்று பாடத்தில் படித்தோம், மேற்பார்வையாளர் எண்கள் வேணும் என்கிறார். பாவிக்க எவ்வளவு இலகு என்று அளக்கும் எஸ்.யூ.எஸ். கேள்விக்கொத்தைத் தமிழில் கொடுக்கலாமா?

அளவுகோல்:

5 பேர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எங்கே பொருந்தும் என்றும் தெரியும். பாவனைத்தன்மை ஆய்வாளர்களான நீல்சனும் லண்டவரும் 1993இல் வெளியிட்ட சூத்திரம் அது. ஒரு பிரச்சினையில் ஒரு ஆள் தடுக்கி விழும் வாய்ப்பு 31% என்று எடுத்தால், 5 பேரில் ஒருவராவது அதில் விழும் வாய்ப்பு 1 − 0.69⁵, அதாவது 84%. ஆனால் 10 பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் பிரச்சினை என்றால் அதே 5 பேரில் அது தெரியவரும் வாய்ப்பு 41%தான். அந்த 5 பேரும் ஒரே வகை ஆட்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. தலைப்பு வயல்காரரும் பிள்ளையிடம் கேட்டு வாசிக்கும் தாயும் ஒரே வகை இல்லை.

எனவே 15 பேரிடம் ஒரே தடவையில் போகாமல், 5 பேர் வீதம் மூன்று சுற்று போங்கள். முதல் சுற்று கடதாசி. கண்ட பிழைகளைத் திருத்தி இரண்டாம் சுற்று போனில். திரும்பவும் திருத்தி மூன்றாம் சுற்று. மதிப்பெண் கிடைக்கும் இடம் இந்தத் திருத்தங்களுக்கு நடுவேதான்: எந்த அவதானிப்பால் எந்தத் திரை மாறியது, மாறிய பிறகு அதே வேலையில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.

பிரச்சினைகளுக்கு 0 முதல் 4 வரை கடுமை போடுங்கள். 0 பிரச்சினையே இல்லை, 4 வெளியிட முன் திருத்தியே ஆக வேண்டியது. நாலு பேரும் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். சேர்ந்திருந்து போட்டால் குரல் கூடியவரின் எண்தான் நிற்கும். நாள் மாறி விளங்குவது எப்போதும் 4. நிறம் பிடிக்கவில்லை என்பது 1.

எண் வேணும் என்றால் எண்ணுக்குரிய எல்லையையும் சேர்த்துக் கொடுங்கள். 5 பேரில் 5 பேரும் முடித்தார்கள் என்றால் "100% வெற்றி" என்று எழுதாதீர்கள். 95% நம்பிக்கை இடைவெளியின் கீழ் எல்லை 48%. அதாவது உண்மையில் பாதிப் பேர்தான் முடிக்கக்கூடிய திரையாகவும் அது இருக்கலாம். இதை நீங்களே எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வியே வராது.

வட்ஸ்அப் படத்தோடு உங்கள் செயலியை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் (ஒப்பிட வேண்டும், அதுதான் உங்கள் உண்மையான போட்டி), பாதிப் பேருக்குப் படம் முதலில், மறுபாதிக்குச் செயலி முதலில் கொடுங்கள். இரண்டிலும் வேறு வேறு வாய்க்கால் நேரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதில் விடை ஞாபகத்திலிருந்து வரும். இதற்கு 5 பேர் இரட்டையாகப் பிரியாது, அந்தச் சுற்றுக்கு மட்டும் 6 அல்லது 8 பேர் எடுங்கள்.

எஸ்.யூ.எஸ். தமிழில் கொடுக்கலாம், ஆனால் வாசித்துக் கொடுங்கள். ஜோன் புரூக் 1986இல் ஆக்கிய அந்தக் கொத்தில் 10 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் விடை 1 (உடன்பாடே இல்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரை. ஒற்றை எண் வாக்கியங்கள் புகழும், இரட்டை எண் வாக்கியங்கள் குறை சொல்லும். ஒற்றைக்கு விடையிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைக்கு 5இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். விடைகள் 4, 2, 4, 3, 4, 2, 3, 2, 4, 3 என்றால் ஒற்றைப் பக்கம் 14, இரட்டைப் பக்கம் 13, மொத்தம் 27, புள்ளி 67.5. சராசரியாக எடுத்துக்கொள்ளப்படுவது 68. இது விழுக்காடு இல்லை, அறிக்கையில் % போடாதீர்கள்.

இங்கே வரும் சிக்கல்: மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 5 போடும் ஆளின் புள்ளி 100 இல்லை, 50. எல்லாவற்றுக்கும் 3 போட்டாலும் 50, 1 போட்டாலும் 50. ஒரே நேர்கோட்டில் விடை வந்த தாள்களை எண்ணி, எத்தனை என்று அறிக்கையில் சொல்லுங்கள். குறை சொல்லும் வாக்கியங்களை மொழிபெயர்க்கும்போது "கடினமில்லை என்று நான் நினைக்கவில்லை" மாதிரி இரட்டை எதிர்மறை வந்துவிட்டால் யாராலும் சரியாகக் குறிக்க முடியாது. "இதைப் பாவிக்க எனக்கு இன்னொருவரின் உதவி வேணும்" என்று நேரே எழுதுங்கள். எந்த வாக்கியத்தையும் விடாதீர்கள், 10இல் ஒன்று குறைந்தால் 2.5ஆல் பெருக்கும் கணக்கு பொருந்தாது.

கோடும்_பெட்டியும்:

சோதனை நாளுக்குத் தேவையானவற்றைச் சொல்ல மறந்துபோனேன்.

அமைப்பின் தலைவரிடம் அனுமதி எடுப்பது முறை. ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் ஆளைப் பேசவிடாமல் அவரே விடை சொல்லிவிடுவார். அவரையே முன்னோட்டச் சோதனைக்கு முதல் ஆளாக எடுங்கோ. மரியாதையும் ஆயிற்று, வேலைகளின் வசனத்தில் உள்ள ஓட்டைகளும் தெரியும். அந்த முடிவை 5 பேரில் சேர்க்காதேங்கோ. பிறகு ஒவ்வொருவராக அவரவர் வயலடியில் அல்லது வீட்டில். பீடத்தின் ஒழுக்கநெறி அனுமதி வேணுமா என்று முதல் கிழமையே கேளுங்கோ, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கோ. பெயர், தொலைபேசி இலக்கம் எழுதாமல் வ1, வ2 என்று குறியுங்கோ. முகம் வேண்டாம், கையும் திரையும் போதும்.

பதிவுக்கு: அன்ட்ரொயிட்டின் விருத்தியாளர் அமைப்பில் "தொடுகையைக் காட்டு" என்பதைப் போட்டுவிட்டு, யூ.எஸ்.பி. வயரால் லப்டொப்புக்கு இணைத்து எஸ்.சி.ஆர்.சி.பி.வை என்ற இலவச மென்பொருளில் திரையைப் பதியலாம், இணையம் தேவையில்லை. வயர் கையைக் கட்டுகிறது என்றால் போனிலேயே பதிவு செய்யுங்கோ. ஆனால் 2 ஜிபி ரம்மில் பதிவும் முன்மாதிரியும் ஒன்றாக ஓடினால் திரை இழுபடும். அந்த நேரங்களை வேகக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பிக்மா இணைப்பை வயலில் நம்ப வேண்டாம். இரண்டாம் சுற்றுக்கு 8, 9 திரையை எச்.டி.எம்.எல். (வலைப்பக்கக்) கோப்புகளாகச் செய்து போனுக்குள் போட்டுக்கொண்டு போங்கோ. வவுனியாவிலிருந்து ஏ9ஆல் மாங்குளம், அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் ஒட்டுசுட்டான் என்று ஒரு பகல் போகும். ஒரு பயணத்தில் 3 பேர் செய்தால் நிறைவாகச் செய்ததாகும், 6 பேர் என்று திட்டம் போட்டால் கடைசி மூவரின் குறிப்பு வாசிக்க முடியாத எழுத்தில் இருக்கும். ஆளுக்கு 40 நிமிடம் வையுங்கோ, நடுவே 20 நிமிடம் குறிப்பைச் சீர்செய்ய. தண்ணி முறை ஓடும் நாளில் போக வேண்டாம், அவர்களுக்கு உங்களோடு இருக்க நேரம் இராது.

துருசடி:

தம்பி சொன்னதில ஒண்டு மாறிச் சொல்லுறன். ஒரு நாள், ஒரு பயணம், முறை ஓடுற நாளிலயே போங்கோ. சோதிக்க இல்லை, பாக்க. ஆர் ஆருக்குப் போன் எடுக்கினம், படம் வந்தாப் பிறகும் என்ன கேக்கினம் எண்டு வாய்க்கால் தலைப்பில நிண்டு கேட்டால் விளங்கும். "திறந்தாச்சோ?" எண்ட கேள்விதான் கூட வரும், "எப்ப திறப்பினம்?" எண்டது அதுக்குப் பிறகுதான்.

பம்பைமடு_மூன்றாம்வருடம்:

அப்படியென்றால் முதல் திரையில் அட்டவணைக்கு மேலே "திறந்தாச்சு / இன்னும் இல்லை" என்று ஒரு நிலை வர வேணும். சிக்னல் இல்லாத இடத்தில் அது பழைய நிலையைக் காட்டுமே, என்ன செய்வது?

அளவுகோல்:

நிலைக்குக் கீழேயே எப்போது எடுத்த தகவல் என்று எழுதுங்கள்: "இன்று விடிய 5.40க்குக் கிடைத்தது". "2 மணித்தியாலத்துக்கு முன்" என்று எழுத வேண்டாம், இணையம் இல்லாதபோது அந்தக் கணக்கு சில நிரல்களில் உறைந்து நிற்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பழசானால் "திறந்தாச்சு" என்ற சொல்லையே எடுத்துவிட்டு "புதிய தகவல் இல்லை" என்று காட்டுங்கள். எவ்வளவு நேரம் என்பதைத் துருசடி சொன்ன அந்த நாளில் அங்கேயே கேளுங்கள். மூன்றாம் சுற்றில் இதை ஐந்தாவது வேலையாகச் சேர்த்து, போனை விமானப் பயண நிலையில் (ஃப்ளைட் மோட், சிக்னல் இல்லாமல்) போட்டுக் கொடுத்து, "இப்ப தண்ணி திறந்திருக்கோ?" என்று கேளுங்கள். "தெரியாது, கேட்டுத்தான் பாக்கோணும்" என்பதே அதற்குச் சரியான விடை.